ஒரே சூளைச் சரக்கு

வலது கை நடுவிரல் முட்டி வீங்கி, பேருந்துக் கம்பியைக்கூடப் பிடிக்க முடியாமல் விண்விண்ணென்று தெறித்தது. அந்த முட்டிதான் அவனுக்குச் சோறு போடுவது. டைல்ஸ் கம்பெனியில் சூளையிலிருந்து வருவதையெல்லாம் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல டைல் கணீரென்று பேசும். உள்விரிசல் இருந்தால் ‘டொக்’ என்று முனகும். வருஷக்கணக்காக “இது டொக்கு, அது டொக்கு” என்று ஒதுக்கி ஒதுக்கி அவனுக்கே டொக்கு என்று பெயர் விழுந்துவிட்டது. வாசல் காவலாளிக்கும் டொக்கு, முதலாளிக்கும் டொக்கு.

தட்டுவது பாதி வேலை. மீதி உடைப்பது. ஒரு சூளைச் சரக்கிலிருந்து ஒரே ஒரு டைலை உருவி அழுத்து மிஷினில் வைத்து, உடையும்வரை அழுத்துவான். தாங்க வேண்டிய எடையைத் தாங்கிவிட்டு உடைந்தால் மொத்தச் சரக்கும் லாரி ஏறும். முன்னாலேயே உடைந்தால் மொத்தமும் கழிவுக் குழிக்கு. ஒரே மண், ஒரே தண்ணி, ஒரே சூடு. ஒன்று சொத்தை என்றால் மற்றது மட்டும் என்ன யோக்கியம்? மேலாளர் வந்து கெஞ்சினாலும் இந்த விஷயத்தில் அவன் மசிய மாட்டான்.

வீட்டில் மட்டும் அவன் வாய் திறப்பதில்லை. திறக்க இடம் கிடைத்ததில்லை. அவன் மனைவி அதே கம்பெனியில் மெருகு பூசும் பிரிவில் இருந்தாள். மிஷின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசியே பழகிய குரல், வீட்டுக்கு வந்தாலும் இறங்காது.

அவளுக்கு மூன்று தடவை கரு தங்கி, மூன்று தடவையும் கலைந்திருந்தது. வெளியே வைத்துக் கருவை வளர்த்து, குரோமோசோம் கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சரியானதை மட்டும் உள்ளே வைக்கலாம் என்றார் டாக்டர். கணக்கில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் தங்காதாம். வயதும் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை இத்தனை ஊசிக்கு உடம்பு ஒத்துழைக்குமா என்று டாக்டருக்கே சந்தேகம்.

கருமுட்டை வளர தினமும் ஊசி போடுவது அவன் பொறுப்பு.

“மெதுவாங்க! இதென்ன உங்க டைல்ஸா, உடையுதான்னு பாக்க?”

“ஆடாம இரு. ஆடினா கோணலாப் போகும்.”

“உங்களைக் கட்டிக்கிட்ட அன்னைக்கே எல்லாம் கோணலாத்தான் போச்சு. புதுசா என்ன ஆகப்போவுது?”

அவள் தம்பி லாரி ஓட்டுகிறவன்; லோடு இல்லாத நாளில் அக்கா வீட்டில்தான் கிடப்பான். கதவுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்தான். “மாமா, அக்கா கத்துற வரைக்கும் கவலை இல்ல. கத்துறதை நிறுத்துனாத்தான் நாம ஓடணும்.”

கருமுட்டை எடுத்த அடுத்த வாரம் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. அவள் வீட்டில் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் மிஷின் பக்கத்தில் நின்றிருந்தான்.

“சார், நல்ல செய்தி. மூணு கரு நல்லா வளர்ந்திருக்கு. மூணுலயும் செல் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாமா?” என்றாள் ஆய்வகப் பெண்.

அந்த நேரம் பார்த்து, முதுகுக்குப் பின்னால் ஒரு டைல் படாரென்று உடைந்தது. அவன் திரும்பி அந்தச் சில்லுகளைப் பார்த்தான். சோதனை என்றால் உடைப்பது. அவனுக்குத் தெரிந்த சோதனை அதுதான். மூன்றையும் உடைத்துவிட்டால் உள்ளே வைக்க என்ன மிஞ்சும்?

“ஒண்ணு போதும்மா.”

“ஒண்ணா? சார், ஒவ்வொண்ணும் வேற வேற—”

“எனக்குத் தெரியும்மா. நானும் இதே வேலைதான் பாக்குறேன்.”

“நீங்களும் லேபா சார்?”

“தரப் பரிசோதனை,” என்றான் நெஞ்சை நிமிர்த்தி.

“மேடத்துக்கும் சம்மதம்தானே?”

“சம்மதம், சம்மதம்.”

இரண்டைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது. வீட்டில் இதைச் சொல்லவில்லை. காரியம் கூடி வந்த பிறகு சொன்னால் அவளே மெச்சிக்கொள்வாள் என்று நினைத்தான்.

முடிவு சொல்ல ஆய்வகப் பெண் மறுபடி அழைத்தாள். “சார், டெஸ்ட் பண்ண கருவுல ஒரு குரோமோசோம் கூடுதலா இருக்கு. அதை வெச்சாலும் தங்காது. மன்னிக்கணும். மத்த ரெண்டையும்—”

“புரியுதும்மா,” என்று வைத்துவிட்டான். புரியாமல் என்ன? ஒரே சூளை.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். “லாட்டே போச்சு,” என்றான். கம்பெனியில் ஒரு சூளைச் சரக்கு மொத்தத்துக்கும் லாட் என்று பெயர்; அவனுக்கு வந்த வார்த்தை அதுதான்.

“எல்லாமா?”

“எல்லாம்தான்.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். டாக்டரை, ஆஸ்பத்திரியை, அவனை, யாரையாவது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் பாத்திரச் சத்தம்கூட இல்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சுவரைப் பார்த்துப் படுத்தாள். தலையணை உறையில் ஈரம் காயவே இல்லை. வம்பளக்க வந்த மச்சான்கூட அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு ஓசைப்படாமல் போனான். டொக்குவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆய்வக எண் அவன் போனில் மின்னியபோதெல்லாம், செத்த வீட்டில் என்ன விசாரணை என்று எடுக்காமல் விட்டான்.

அவன் எடுக்காததால் அவளுக்கே அழைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, மூவரும் வீட்டில் இருந்தார்கள்.

“மேடம், மிச்சம் ரெண்டு கருவையும் உறைய வெச்சிருக்கோம். அதை டெஸ்ட் பண்றதா, இல்ல அப்படியே உள்ள வைக்கிறதா? சார் போனையே எடுக்க மாட்டேங்கறார்.”

“எந்த ரெண்டும்மா?” ஒரு வாரம் கழித்து அந்தக் குரல் பழைய உயரத்துக்கு ஏறியது.

முழுக் கதையும் கேட்டு முடித்து, போனைக் கீழே வைத்து, அவனைத் திரும்பிப் பார்த்தாள். மச்சான் மெல்ல எழுந்து கதவோரம் நகர்ந்தான்.

“இங்க வாங்க,” என்றாள்.

மறுநாள் மூவரும் ஆஸ்பத்திரி நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வகப் பெண் தலையுறையோடு வெளியே வந்தாள். டொக்கு தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னான்: ஒரே மண், ஒரே தண்ணி, ஒரே சூடு. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மனைவியிடம் திரும்பினாள்.

“மேடம், உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?”

“இதோ உக்காந்திருக்கானே.”

“இவரும் நீங்களும் ஒரே அப்பா அம்மாவுக்குப் பொறந்தவங்க. இவரைப் பாத்துட்டு, அக்காவும் இப்படித்தான்னு யாராவது சொன்னா?”

“செருப்பாலயே அடிப்பேன்.”

“அக்கா!” என்றான் மச்சான்.

“அவ்வளவுதான் சார். ஒவ்வொரு கருவும் அதோட கணக்கைத் தனியா வெச்சிருக்கும். ஒண்ணைப் பாத்து இன்னொண்ணைச் சொல்ல முடியாது.”

“நீங்க உடைச்சிருவீங்களேன்னுதான்ம்மா...”

“யாரு உடைக்கறா? வெளிப்பக்கத்துல, பிற்பாடு நஞ்சுக்கொடியா ஆகற இடத்துல, கொஞ்சம் செல்தான் எடுப்போம். கரு பத்திரமா இருக்கும்.”

அவன் தன் வீங்கிய முட்டியைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தான். காலடியில் ஒரு டைல் ‘டொக்’ என்றது. கவனிக்காததுபோல் இருந்தான்.

“ஆனா ஒண்ணு,” என்றாள் ஆய்வகப் பெண். “இப்ப உறைஞ்சதை உருக்கி, செல் எடுத்து, திரும்ப உறைய வைக்கணும். கொஞ்சம் ஆபத்து உண்டு. முதல்லயே எடுத்திருந்தா இந்த ரெட்டை வேலை இல்ல.”

அவன் வாய் திறக்கப் போனான். மனைவி கையைக் காட்டி அடக்கினாள்.

“ரெண்டையும் பாத்துருங்கம்மா. தெரியாத ஒண்ணை உள்ள வெச்சு, நாலாவது தடவையும் ஆஸ்பத்திரி பாத்ரூம்ல உக்காந்து அழ என்னால முடியாது.”

இரண்டும் உருக்கலைத் தாங்கின. ஒன்றில் கணக்கு ஒன்று குறைந்திருந்தது. இன்னொன்றில் சரியாக இருந்தது. அதை வைத்தார்கள். சரியான கருவும் சில சமயம் தங்காது என்று டாக்டர் சொல்லியே வைத்திருந்தார். தங்கியது. ஸ்கேன் திரையில் புள்ளியாய் ஒன்று துடித்ததைக் காட்டினார்கள்.

அவளுக்குப் பேச்சு முழுசாகத் திரும்பிவிட்டது. டொக்கு காலையில் எழுந்து சமைத்தான், துணி துவைத்தான், அவள் காலைப் பிடித்துவிட்டான், கேட்டதையும் கேட்காததையும் வாங்கி வந்தான். கம்பெனியில் ஒரு டைலை உடைக்கும்போதுகூட இப்போது கொஞ்சம் யோசித்தான். ஒரு நாள் அவன் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்க, அவள் வாசல்படியில் உட்கார்ந்து சொன்னாள்:

“உசுரோட இருந்த ரெண்டுக்கும் ஒரு வாரம் என்னை ஒப்பாரி வைக்க விட்டீங்க. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“இருந்து?”

அவன் ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த பாத்திரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

“பாத்திரம் தேச்சா அது தீராதுங்க,” என்றாள்.

தீரவில்லைதான். அவளைக் கேட்காமல் சம்மதம் சொன்னதற்கும், ஒரு வாரம் அழவைத்ததற்கும் சேர்த்து, ‘மன்னிச்சிடு’ என்ற ஒரு வார்த்தை. அவன் அவளுக்கு அதை இன்னும் கொடுக்கவில்லை. பாக்கி இருக்கிறது.