மாம்பழச்சாலைக்கு அடுத்தது

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறும்போதே ஷெர்லின் சொல்லிவிட்டாள், இன்று டிக்கெட்டைத் தானே கேட்கப்போவதாக. அம்மா லூர்துராணி ஒரு நிபந்தனை வைத்தாள். யார் உதவியும் இல்லாமல் வாங்கிவிட்டால் ஜூனில் ஐந்தாம் வகுப்புக்குப் போகலாம். இல்லையென்றால் இந்த வருடம் வீட்டில்தான்.

ஜனவரியில் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அவளுக்குப் பெயர்கள் வாய்க்கு வருவதில்லை. பிறர் பேசுவது புரிகிறது, பொருளும் தெரிகிறது. சீப்பைக் காட்டினால் "தலை வார்றது" என்பாள். சொல் அழிந்துவிடவில்லை, அதை எடுக்கும் வழிதான் பழுதாகியிருக்கிறது. அதற்கு நேரம் வேண்டும். பக்கத்திலிருப்பவர் வேறொரு சொல்லை எடுத்துக் கொடுத்தால், அது முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, வரவிருந்ததையும் மறித்துவிடும்.

பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பேருந்து. ஆனாலும் இறங்குமிடம் சொன்னால்தான் சீட்டு.

"எங்க பாப்பா?" என்றார் நடத்துநர்.

பேச்சுப் பயிற்சிக்காக வாரம் இருமுறை இறங்கும் இடம்தான். படித்துறையும், குளித்துவிட்டு ஈரத்துணியோடு பஸ் ஏறுகிறவர்களும் அவள் கண்ணுக்குள் நின்றார்கள். பெயர் மட்டும் வரவில்லை.

பஸ்ஸில் இரக்கத்துக்குப் பஞ்சமில்லை. பின்சீட்டு அம்மாள் ராஜகோபுரமா என்று கேட்டாள். பூக்கூடைக்காரர் திருவானைக்கோவில் என்றார். இந்த வண்டி அங்கே போகாதென்று இன்னொருவர் அவரிடம் சண்டைக்குப் போனார். லூர்துராணி கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள்.

ஷெர்லின் உள்ளங்கையை உயர்த்தினாள். எல்லோரும் அடங்கினார்கள்.

"சத்திரம்" என்றாள்.

"அது இதாம்மா. இன்னும் வண்டியே எடுக்கல."

அவள் கண்டுகொள்ளவில்லை. "சத்திரம், ஓடத்துறை, மாம்பழச்சாலை, அம்மா மண்டபம்." அங்கே நின்றாள். "அம்மா மண்டபம். ரெண்டு."

தனியாகத் தேடினால் சிக்காத பெயர், வரிசையில் வந்தால் சிக்கிவிடும். கிழமைகள், எண்கள் எல்லாம் அப்படித்தான். ஒன்று அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும். அடிபட்ட மூளையிலும் இந்த ஓட்டம் பல சமயம் மிஞ்சியிருக்கும். நிறுத்தங்களையும் அப்படி ஓடவிடலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பத்து வயதில், பஸ்ஸே பார்த்துக்கொண்டிருக்க, தானே கண்டுபிடித்தாள்.

"இனிமே ஸ்டாப்பிங் எல்லாம் நீயே கூப்பிடு, நான் உக்காந்துக்கிறேன்" என்று நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

இறங்கியதும் லூர்துராணி வகுப்பு ஆசிரியைக்குப் போன் செய்து, ஜூனில் மகளை அனுப்புவதாகச் சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணு டீச்சர். கேள்வி கேட்டா கொஞ்சம் காத்திருங்க. யாரும் எடுத்துக் குடுக்க வேணாம். எந்த வழியிலயாவது அவளே வந்து சேந்துருவா."