கையுறை போட்ட நாள்

என் வீட்டுக்காரர் தனசேகரன் வெறுங்கையால் சூட்டு இரும்பை எடுத்துக் கையைப் பொசுக்கிக்கொண்டார் என்று ஊரே சொல்கிறது. பொய். அன்றைக்கு அவர் கையுறை போட்டிருந்தார். போட வைத்தவள் நான்.

எங்கள் பட்டறை செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற ரோட்டோரம் இருக்கிறது. களைக்கொத்து, அரிவாள், கடப்பாரைக்கு முனை, டிராக்டர் கலப்பைக்குக் கொழு என்று வேலைக்குக் குறைவில்லை. அவர் இரும்பைக் குறட்டில் பிடித்துச் சுத்தியால் இடம் காட்டுவார், நான் சம்மட்டி போடுவேன். ஒன்பது வருடமாக இப்படித்தான். பொம்பளை சம்மட்டி போடுகிறாள் என்று வேடிக்கை பார்க்க நிற்கிறவனை ஒரு முறை முறைத்தால் போதும், வண்டியைக் கிளப்பிவிடுவான்.

கையுறை ஆசை எனக்கு வந்தது அவர் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மணிமொழி வீட்டுக் காதுகுத்துப் பந்தியில் அவர் சாம்பார் வாளியோடு பரிமாற வந்தார். தங்கையின் நாத்தனார் அவர் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் கறுப்பு, விரலெல்லாம் காய்ப்பு, மணிக்கட்டு வரை தீப்பொறித் தழும்பு. இலையைக் கையால் மறைத்துக்கொண்டு "போதும்" என்றாள். அவள் இலையில் இன்னும் ஒரு சொட்டுச் சாம்பார் விழவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் மேல் வர வேண்டிய கோபம் இவர் கை மேல் வந்தது. என் புத்தி அப்படி.

மறு வாரமே ஹார்டுவேர் கடையில் வெல்டிங்காரர்கள் போடுகிற தோல் கையுறை ஒரு ஜோடி வாங்கி வந்தேன். உள்ளே மெத்தென்று நைலான் துணி வைத்துத் தைத்தது.

"இன்னாமே இது, கைக்குச் சட்டையா?" என்றார்.

"போட்டுக்கய்யா. கை கையாட்டம் இருக்கட்டும்."

"கை சொல்றதக் கேட்டுத்தான் நான் தொழில் பண்றேன். இத மாட்டிக்கினா அது இன்னா சொல்லுதுன்னே தெரியாது, போ."

அது வெறும் வீம்பு இல்லை. தரையில் கிடக்கிற எந்த இரும்பையும் எடுக்கும் முன் புறங்கையை அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காட்டிப் பார்ப்பார். சிவந்த இரும்பு யாரையும் ஏமாற்றாது, சிவப்பு அடங்கிக் கறுத்ததுதான் ஏமாற்றும். அது புறங்கைக்குத் தெரிந்துவிடும். இன்னொன்று, சூடான இரும்பைக் கீழே வைக்கிறவர் "சூடு" என்று குரல் கொடுக்க வேண்டும். இந்த இரண்டும்தான் எங்கள் பட்டறைக்குக் காவல். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய நாட்களில்கூட அந்த ஒரு சொல்லை மட்டும் அவரிடம் சொல்வேன்.

எல்லாம் தெரிந்துதான் பதினைந்து நாள் நச்சரித்தேன். சோறு போடும்போதும் அதே பேச்சு, மகள் தமிழினிக்கு அவர் தலை பின்னிவிடும்போதும் அதே பேச்சு. என் வாய்க்கு முன்னால் எந்தச் சம்மட்டியும் நிற்காது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் "குடுத்துத் தொல" என்று வாங்கி மாட்டிக்கொண்டார்.

மல்லாட்டைக்கு, அதான் வேர்க்கடலைக்கு, களையெடுப்பு நேரம், களைக்கொத்துகள் குவிந்து கிடந்தன. அடித்து முடித்த ஒன்றை நான் குறட்டால் எடுத்து அவர் பக்கத்தில் தரையில் வைத்தேன். கறுத்திருந்தது. வாய் வரை "சூடு" வந்தது. அதற்குள் கையுறை கண்ணில் பட்டது. அதான் மாட்டியிருக்கிறாரே என்று விட்டுவிட்டேன். நாளெல்லாம் ஓயாத வாய் அந்த ஒரு நேரம் பார்த்து ஓய்ந்தது.

அவர் பழக்கப்படி புறங்கையைக் காட்டினார். மாட்டுத்தோலுக்கு என்ன தெரியும்? எடுத்துவிட்டார். வெறுங்கையாக இருந்தால் தொட்டதுமே உதறியிருப்பார், ஒரு கொப்புளத்தோடு போயிருக்கும். சூடு உள்ளே வந்து சேர்ந்தபோது இரும்பு அவர் பிடிக்குள் இருந்தது. தோல் சுருங்கி விரல்களைக் கவ்விக்கொண்டது. உள்ளே இருந்த துணி உருகி ஒட்டிக்கொண்டது. பல்லாலும் இடது கையாலும் இழுத்துக் கழற்றினார். கூடவே என்னென்ன வந்தது என்று எழுத எனக்குத் தெம்பில்லை.

கழற்றியதை உலையில் வீசினார். இடது கையில் இருந்ததையும் பல்லால் இழுத்துக் கழற்றி வீசினார். அந்த வலியிலும் என்னைப் பார்த்து, "கையுறப் பேச்சே எடுக்காத. யாரு கேட்டாலும் வெறுங்கைதான்" என்றார்.

நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தொடைத் தோலை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்கள். கை பிழைத்தது, பிடி போய்விட்டது. தொண்டூரிலிருந்து தங்கராசு என்பவர் வந்து இப்போது சுத்தி பிடிக்கிறார். இவர் ஓரமாக உட்கார்ந்து, உலைக்குக் காற்றடிக்கிற மோட்டாரின் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டே நான் சம்மட்டி போடுகிறேன். பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

போன வாரம் சிங்கவரத்திலிருந்து பாவாடை என்பவர் களைக்கொத்து வாங்க வந்தார். பழைய வாடிக்கை, கேலிக்காரர். "இருவது வருசமா தொழில் பண்ற ஆளு, சூடு பாக்காம எடுப்பானா? கத்துக்குட்டிகூட எடுக்கமாட்டானே" என்று சிரித்தார். இவரும் கூடச் சிரித்தார். டீ கொண்டுவந்த என் மாமியார் தைலம்மாள் பிடித்துக்கொண்டார்.

"நல்லாக் கேளு பாவாட. எம் மருமவ ஓடி ஓடிப் போயி கையுற வாங்கியாந்தா. போட்டானா? திமிரு. அவ பேச்சக் கேட்டிருந்தா கை இருந்திருக்கும்."

எனக்குத் தாங்கவில்லை. சம்மட்டியைக் கீழே போட்டேன்.

"அத்தே, அன்னிக்கு கையுற போட்டுக்கினுதான் இருந்தாரு. நான்தான் உசுர வாங்கிப் போட வெச்சேன். நான்தான் இரும்ப வெச்சேன். சூடுன்னு சொல்லல. இவரு மேல ஒரு தப்பும் இல்ல."

தங்கராசு எட்டி மோட்டாரை அணைத்தார். அத்தை என்னையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் கண் கலங்கியது.

"பாத்தியா பாவாட? புருசன் பேரு கெடக்கூடாதுன்னு பழியத் தூக்கித் தன் தலைல போட்டுக்கிறா. எந்த மருமவ செய்வா?" பிறகு மகனிடம் திரும்பினார். "நீ சொல்லுடா. கையுற போட்டிருந்தியா?"

நான் அவரைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லய்யா, ஒரே ஒரு தடவை என்னைத் திட்டய்யா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"அவ கெடக்குறா, வுடும்மா" என்றார். "வெறுங்கையாலதான் எடுத்தேன்."

நடந்ததை அறிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். நான் சொன்னால் நம்ப ஆளில்லை. அவர் சொல்லப்போவதில்லை. அத்தை கிட்டே வந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தார். பத்து விரலும் சடசடவென்று முறிந்தன. நான் நின்று அதை வாங்கிக்கொண்டேன்.