எட்டாவது சீட்டு

பின்வரிசையில் மூன்று பேர் உட்காரலாம் என்று புரோக்கர் ஜெபகுமார் சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் நான்கு பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துகொண்டு, நான்கு பேரும் ஜன்னல் கேட்டார்கள். ஐந்தாவது, கடைக்குட்டி பிரீத்தி, தாத்தாவின் வேட்டியைப் பிடித்தபடி கீழேயே நின்றது.

திருப்பதியைத் தாண்டி, ரேணிகுண்டா சாலையோரம் பழைய கார்களை வரிசையாக நிறுத்தி விற்கும் இடம் அது. காலையிலிருந்து வெயிலில் சுற்றியாகிவிட்டது. ரூபாவுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆட்களை எண்ணத் தெரியும். தன் பிள்ளைகள் மூன்று. குவைத்துக்கு வேலைக்குப் போயிருக்கும் நாத்தனார் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் இரண்டு. புருஷன் வேணு, தான், மாமனார் ஆதிநாராயணன். ஒரு கல்யாணம் என்றால் பாதிப் பேர் பஸ்ஸில், பாதிப் பேர் பைக்கில் போய், பந்தி முடிந்த பிறகு ஒன்று சேர்கிற குடும்பம்.

டயரைத் தட்டுவது, இன்ஜினுக்குக் காது கொடுப்பது எல்லாம் வேணுவின் வேலை. மாமனார் வேறு மாதிரி பார்த்தார். வண்டிக்கு வண்டி ஏறி, ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பிறகு இறங்கி உதட்டைப் பிதுக்குவார். பெண் பார்க்கப் போய் பஜ்ஜியில் உப்பில்லை என்று எழுந்து வருகிறவர் போல இருக்கிறது என்று ஜெபகுமார் சிரித்தான்.

இதற்கு முன் பார்த்த சாம்பல் நிற வண்டியை மட்டும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

“இதே போதும்டா.”

“அது ஏழு பேர் வண்டி நைனா. நாம எட்டு பேரு.”

“நல்லா எண்ணிப் பாரு. ஏழு பேருதான்.”

வேணு விரல் விட்டு எண்ணிக் காட்டினான். எட்டாவது விரலை அவர் முன்னால் நீட்டி, “இது யாரு? நீதான்” என்றான். கிழவர் அந்த விரலை மெதுவாக மடக்கிவிட்டுச் சிரித்தார். வெயிலில் கணக்கு குழம்பிவிட்டது என்றுதான் ரூபாவும் நினைத்தாள்.

இந்த வெள்ளை வண்டியில் அவர் நடு வரிசையின் நடு சீட்டில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை.

“எப்பிடி மாமா கீது?” என்றாள் ரூபா.

“இதுல தூக்கம் நல்லா வரும்மா” என்றார்.

பிரீத்தி பக்கத்தில் ஏறி, அவர் மடிக்குக் குறுக்கே இருந்த பெல்ட்டை இழுத்துப் பூட்டியது. “போட்டுக்கோ தாத்தா. இல்லன்னா போலீஸ் புடிச்சிக்கினு போய்டும்.” டக்கென்று சத்தம் கேட்டது. ரூபா இந்தப் பக்கம் கதவோரம் உட்கார்ந்தாள்.

ஜெபகுமார் வேணுவோடு புத்தூர் காலேஜில் ஒன்றாகப் படித்தவன். “ஊட்டுக்கே எடுத்துக்கினு போடா. நாலு நாளு ஓட்டிப் பாரு, புள்ளைங்க எல்லாம் உள்ள அடங்குதான்னு பாரு. என்னைப் புத்தூர்ல எறக்கி வுட்டுடு” என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.

ரேணிகுண்டா தாண்டியதும் மாமனார் ரூபாவின் மணிக்கட்டைப் பிடித்தார். அப்படித் தொடுகிற மனிதர் இல்லை. திருப்பத்தில் வண்டி சாய்கிறதென்று பிடிக்கிறார் என்று எண்ணி அவளும் கையை அப்படியே விட்டாள். அவர் நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். அது வெளியே வரும் என்று அவள் காத்திருந்தாள். ஒரு செங்கல் சூளை போயிற்று, ஒரு மாந்தோப்பு போயிற்று, கோழிப் பண்ணை ஒன்றும் போயிற்று. மணிக்கட்டில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

“மாமா” என்றாள், தனக்கே கேட்காமல்.

அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. அந்தக் கனத்திலேயே தெரிந்துவிட்டது. தூங்குகிற தலை அவ்வளவு கனக்காது.

புருஷனைக் கூப்பிட வாய் திறந்தாள். திறந்த வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

நான்கு வருஷத்துக்கு முன் மாமியார் திருப்பதி ஆஸ்பத்திரியில் செத்தாள். வெளியே உயிர் போனால் உடலை வாசலுக்கு உள்ளே ஏற்றுவதில்லை என்பது அவர்கள் தெருவின் வழக்கம். மாமனாருடைய அண்ணன் பெண்சாதி ரத்னம்மா நிலைப்படியில் குறுக்கே கையை நீட்டி நின்றாள். வாழ்நாளெல்லாம் பெருக்கி மெழுகிய வீட்டுக்குள் போக முடியாமல் மாமியார் தெருவில், ஷாமியானாவுக்குக் கீழே கிடந்தாள். ராத்திரி மழை பிடித்தது. துணி ஒழுகியது. மாமனார் விடிய விடிய அவள் முகத்துக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். மாதங்கள் கழித்து ஒரு நாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல் ரூபாவிடம் சொன்னார். “என்னை மழையில கெடத்திடாதம்மா. உள்ள கெடத்து.”

வேணுவிடம் சொன்னால் நடுரோட்டில் வண்டியை நிறுத்திக் கதறுவான். அவன் மனசு அப்படி. பிறகு ஆஸ்பத்திரி, டாக்டர் சீட்டு, போன், ஊருக்கே சேதி. மாமனார் தெருவில்தான் கிடப்பார்.

மாமனாரின் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். தாடைக்குக் கீழே கொடுத்து, தலையைச் சுற்றி, குளிருக்குக் கட்டுவதுபோல் இறுக்கிக் கட்டினாள்.

“இன்னா பண்றே?” என்றான் வேணு, கண்ணாடியில் பார்த்து.

“ஏசி குளுருதாம்.”

“தூங்கிட்டாரா?”

“ம்.”

ஜெபகுமார் திரும்பிப் பார்த்தான். “பெரியவருக்கு வண்டி புடிச்சிடுச்சு மச்சான். பாரு, சிரிச்சிக்கினே தூங்கறாரு.”

டோல்கேட்டில் வண்டி நின்றது. ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் பழைய ஓனர் பேரில் இருந்ததால் கொஞ்சம் தகராறு. டோல் ஆள் குனிந்து உள்ளே பார்த்தான். துண்டு கட்டிய முகத்திலேயே அவன் கண் நின்றது. “பெத்தாயனகு ஏமைந்தி?” என்று, பெரியவருக்கு என்ன ஆச்சு என்று தெலுங்கில் கேட்டான். “நித்ர” என்றாள் ரூபா. தன் குரல் இவ்வளவு நிதானமாக வருவதைக் கேட்டு அவளுக்கே பயமாக இருந்தது. தடுப்புக் கட்டை எழும்பியது.

பின்னால் நான்கும் பாட்டுக்குப் பாட்டு வைத்துக் கத்திக்கொண்டிருந்தன. பிரீத்தி மட்டும் தாத்தாவோடு பேசிக்கொண்டே வந்தது. அவர் காதருகே போய் ஏதோ சொல்லும். பிறகு தன் காதை அவர் வாயருகே வைக்கும். தலையை ஆட்டும். மறுபடியும் சொல்லும். அதட்டலாம் என்றால், எதற்கென்று கேட்டால் என்ன சொல்வது?

“அத்தை, மூக்கு மலை வருதான்னு பாக்கச் சொல்றாரு” என்றது.

நகரி மலையின் உச்சி மல்லாந்து படுத்த ஆளின் மூக்குபோலத் தெரியும். அதைப் பார்த்தால் ஊர் வந்துவிட்டது என்று மாமனார் எப்போதும் சொல்வார்.

“எப்ப சொன்னாரு?”

“இப்பத்தான்.”

ரூபாவின் தோளில் சாய்ந்திருந்த கன்னம் சில்லென்று இருந்தது. ஏசிக் காற்று படுகிற இடம் என்று சொல்லிக்கொண்டாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளும் காதைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து நேரே ரோட்டைப் பார்த்தாள்.

புத்தூரில் ஜெபகுமார் இறங்கினான். டீ குடிக்காமல் போகவிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். பிள்ளைகள் பொறைக்குப் பாய்ந்தார்கள். ரூபா இறங்கவில்லை. இறங்கினால் அவர் சரிந்துவிடுவார். வேணு இரண்டு கையிலும் பேப்பர் கப்போடு வந்து கதவைத் திறந்தான்.

“நைனா, டீ.”

“தூங்கட்டும் வுடுங்க. இப்பிடிக் குடுங்க, நான் தரேன்.”

வேணு நின்றான். குனிந்து, அப்பாவின் முழங்கால் மீது கிடந்த கையைத் தொட்டு, நழுவியிருந்த வேட்டியை இழுத்துவிட்டான். இரண்டு கப்பையும் கொடுத்துவிட்டுப் போனான். ரூபா தன் டீயைக் குடித்தாள். பிறகு மாமனாரின் டீயையும் குடித்தாள். அவருக்கென்று சர்க்கரை இல்லாமல் போட்ட டீ. அதைக் குடிக்கும்போதுதான் கண் நிறைந்து ஒழுகியது. அவள் துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு வேணு ஹாரன் அடிக்கவில்லை. பாட்டை நிறுத்தச் சொன்னான். ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றிலும், நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதுபோல் வண்டியை ஏற்றி இறக்கினான். கண்ணாடியில் அவன் கண்கள் ஒருமுறைகூட அவளைத் தேடவில்லை. ஆள் ஏன் இப்படி மாறிவிட்டான் என்று யோசிக்க அவளுக்கு மனசில் இடமில்லை. வாசலில் சொல்ல வேண்டிய பொய்யைத் திரும்பத் திரும்ப உருப்போட்டுக்கொண்டிருந்தாள். மயக்கம் என்று சொல்ல வேண்டும். கட்டிலை உள்ளே போடச் சொல்ல வேண்டும். குரல் உடையக் கூடாது.

“மூக்கு மலை!” என்று பிரீத்தி கத்தியது. தாத்தாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பியது. கழுத்து கொஞ்சம் கடினப்பட்டுப்போய் மெதுவாகத்தான் திரும்பியது.

தெருவில் வண்டி நின்றதும் கார் பார்க்க அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் ரத்னம்மா. நிலைப்படிக்கும் வண்டிக்கும் நடுவில் அவள். ரூபாவுக்கு உருப்போட்டது ஒரு வார்த்தைகூட வரவில்லை.

வேணு இறங்கி உரக்கச் சொன்னான். “நைனாவுக்கு மயக்கமா கீது. கட்டிலை உள்ள போடுங்க.”

ரூபா அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. தாடை மட்டும் ஆடியது. புத்தூரிலிருந்தே அவனுக்குத் தெரியும்.

அவள் குனிந்து மாமனாரின் மடியில் இருந்த பெல்ட்டின் சிவப்புப் பித்தானை அழுத்தினாள். டக்கென்று விட்டுக்கொண்டது. வேணு அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். ரத்னம்மா எதிரே வந்து பாதத்தைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. அவள் கண் ரூபாவின் முகத்துக்கு வந்தது. துண்டுக் கட்டுக்குப் போனது. திறந்து கிடந்த வாசலுக்குப் போனது. அவளுக்கும் வயசாகிவிட்டது. அவள் மகன் பெங்களூரில் இருக்கிறான். தன் உயிர் எங்கே போகும் என்று அவளுக்கும் தெரியாது.

“உயிரு கீது” என்றாள் தெருவைப் பார்த்து. “இன்னா வேடிக்கை? வழி வுடுங்க. ரூபா, தண்ணி கொண்டா, தொண்டை காஞ்சிருக்கும்.”

உள்ளே கட்டிலில் கிடத்தி, வாயில் தண்ணீர் விட்டார்கள். அது கடைவாய் வழியாகத் தலையணைக்கு வந்தது. ரத்னம்மா முந்தானையால் அதைத் துடைத்தாள். பிறகு, அப்போதுதான் நடந்ததுபோல், மார்பில் அடித்துக்கொண்டு குரலெடுத்தாள். ரூபா அடக்கி வைத்திருந்ததெல்லாம் அதோடு சேர்ந்து வெளியே வந்தது.

குசஸ்தலை ஆற்றங்கரையில் தகனம் நடந்தது. சாவு விழுந்த வீட்டில் புதிதாக ஒன்றும் வாங்கக் கூடாதென்று வண்டியை யாரும் தொடவில்லை. பூட்டியபடியே வேப்பமரத்தடியில் நின்றது. சாவி, மாமனார் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கண்ணாடியெல்லாம் தூசியும் வேப்பம்பூவும்.

கருமாதி முடிந்த பிறகு ஜெபகுமார் வந்தான். துக்கம் விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான். “தப்பா நெனைக்காதம்மா. அந்த ஏழு சீட்டு வண்டி இன்னும் அங்கதான் நிக்குது. இப்ப நீங்க ஏழு பேருதான. வண்டியும் புதுசு, டீசலும் கம்மி. அதே எடுத்துக்கலாமே.”

வேணு திரும்பி ரூபாவைப் பார்த்தான். அவள் படத்துக்குப் பின்னால் கைவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பிரீத்தி கூடவே வந்து, மரத்தடியில் நின்றுகொண்டது.

பூட்டைத் திறந்து நடுக் கதவை இழுத்தாள். அடைபட்ட சூடு முகத்தில் அடித்தது. உள்ளே எல்லாம் அன்று விட்டபடியே இருந்தது. கீழே பொறைத் தூள், கசங்கிய இரண்டு பேப்பர் கப்.

நடு சீட்டின் பெல்ட் பூட்டியிருந்தது.

ரூபா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். சிவப்புப் பித்தானின் அழுத்தம் அதில் இன்னும் இருந்தது. திரும்பிப் பிரீத்தியைப் பார்த்தாள். பிரீத்தி அவளைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்க வேண்டாம் என்று ரூபாவுக்குத் தோன்றியது.

“இன்னாம்மா சொல்ற?” என்று வாசலிலிருந்து ஜெபகுமார் கேட்டான்.

“இதே இருக்கட்டும்ண்ணா” என்றாள்.

பிறகு கதவைச் சத்தம் வராமல், உள்ளங்கையை வைத்து அழுத்திச் சாத்தினாள்.