நடு ஏரியில் ஒரு படம்

துடுப்பை மடியில் கிடத்திவிட்டு, படகோட்டி வழக்கம்போலத்தான் சொன்னார்: "இப்பக் கழட்டிக்கலாம்ங்க. கரையில இருக்கிற சூப்பர்வைசருக்கு இது வரைக்கும் கண்ணு எட்டாது."

சுற்றிலும் பனி மூடிய மலைகள். அத்தனையையும் தலைகீழாக வாங்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது ஏரி. வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஒரு படம். மறுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இருபது வருடமாக அவர் மறுத்ததே இல்லை. தங்கமான மனுஷன் என்று பெயர். அன்று அவர் படகில் ஒரு கணவன், மனைவி, அவர்களுடைய மகள்.

"அப்பாடா, மூட்டை சுமந்த மாதிரி இருந்துச்சு" என்றாள் மனைவி.

"மூட்டைக்கு எதுக்கு இன்னொரு மூட்டை?" என்று கணவன் சிரித்தான்.

"வீட்டுக்கு வாங்க, வச்சுக்கறேன்."

ஏழு வயது மகள் மட்டும் ஜாக்கெட்டின் கிளிப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நான் மாட்டேம்ப்பா. பயமா இருக்கு."

"ஒரே ஒரு படம்டா செல்லம். படகுத் தாத்தாவே சொல்றாரு பாரு."

படகோட்டி குனிந்து, தன் கையாலேயே அந்தக் கிளிப்பை விடுவித்தார். "தாத்தா இருக்கேன்ல?"

கணவனின் போனை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார். மலை முழுதாகத் தெரிய, மூவரையும் ஒரே பக்கமாக நகரச் சொன்னார். மலை இடுக்கிலிருந்து காற்று வந்து மோதியது அப்போதுதான். படகு கவிழ்ந்தது.

பனி உருகிய தண்ணீர், பாருங்கள். நீந்தத் தெரிந்தவன் கையே கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும். கணவனும் மனைவியும் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு அலறினார்கள். படகோட்டி மூன்று முறை முங்கினார். மூன்று முறையும் வெறுங்கையோடு வந்தார். மகளுடையது என்று மேலே மிதந்தது அந்தச் சின்ன லைஃப் ஜாக்கெட் மட்டும்தான்.

விசாரணை நடந்தது. அவருடைய உரிமம் போயிற்று. ஏரியை மறுபடி திறந்தபோது, அவர் படகுத்துறையில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சினார்: "ஜாக்கெட்டைக் கழட்டாதீங்க."

"அண்ணே, தள்ளி நில்லுங்க. சவாரி கெடுது" என்றார், கூட வேலை பார்த்த படகோட்டி.

படகில் ஏறிக்கொண்டே புதுப்பெண் ஒருத்தி கணவனிடம் சொன்னாள்: "இந்தப் படகுக்காரரு ஜாக்கெட்டைக் கழட்ட விடுவாராம். ரொம்ப நல்லவராம்."

"அந்தப் பேருக்காகத்தாம்மா நானும் ஒரு குழந்தையோட கிளிப்பைக் கழட்டினேன்" என்றார் அவர். "கேட்டதுக்கெல்லாம் தலையாட்டுறவன் நல்லவன் இல்லம்மா. நீங்க கோவிச்சுக்கிட்டாலும் முடியாதுன்னு சொல்றான் பாருங்க, அவன் படகுல ஏறுங்க!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் படகு கரையை விட்டுப் போயிருந்தது.