இறங்காத பட்டரி

சுபஹுத் தொழுகை முடிந்து வந்த ஸலாஹுதீன் மாஸ்டர் சேர்ட்டைக் கழற்றக்கூட இல்லை, கேற்றில் யாரோ தட்டினார்கள். வந்து நின்றவர் நூர்தீன். மனைவி நஃபீஸாவோடு இரண்டு வீடு தள்ளியிருப்பவர். கல்பிட்டிக் களப்பில் ஒரு படகு வைத்திருந்தார். படகு விளக்குகளுக்கான பட்டரிகளை வீட்டிலேயே சார்ஜ் போட்டு, அக்கம்பக்கத்துப் படகுக்காரர்களுக்கும் கொடுப்பார்.

"சேர், அவசரமா ஒரு உதவி. நஃபீஸாட கண்ணுக்கு இண்டைக்கி ஒபரேஷன். எட்டு மணிக்கு சிலாபம் ஆஸ்பத்திரில நிக்கணும். பேசி வெச்ச வேன்காரன் இப்பதான் கோல் எடுத்து, வர ஏலாண்டு சொல்றான்."

மாஸ்டர் ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய கார் போர்ட்டிகோவில் உறை போர்த்தி நின்றது. வாங்கி இரண்டு மாதம். புத்தளத்துக்கு இரண்டு தடவை போய் வந்ததைத் தவிர அது எங்கேயும் போகவில்லை. உள்ளே சீற்றெல்லாம் பால் நிறம். நூர்தீன் பேசிக்கொண்டிருக்கும்போது மாஸ்டரின் மனதில் முதலில் வந்தது நஃபீஸாவின் கண் அல்ல, அந்த சீற். நூர்தீனின் சாரத்தில் எப்போதும் இருக்கும் கருவாட்டு மணமும் கூடவே வந்தது.

"பட்டரி இறங்கிக் கிடக்குது, நூர்தீன்."

யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப விழுங்க வழியில்லை.

"அப்படியா? நான் ஒருக்காப் பார்க்கட்டா சேர்?"

பட்டரி என்றால் நூர்தீனுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. "வேணாம், நில்லுங்க, நானே பார்க்கிறன்" என்று அவசரமாக உள்ளே போனார். சாவி சேர்ட் பையில்தான் இருந்தது. ஆனாலும் அலுமாரியைத் திறந்து தேடினார். மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தார். மனைவி மர்ளியா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாஸ்டர் வெளியே வந்து உறையைப் பாதி விலக்கி, காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, சாவியைத் திருப்பாமலே சுக்கானைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். இறங்கி பொனெற்றைத் திறந்து, ஒன்றும் விளங்காத முகத்தோடு உள்ளே பார்த்தார்.

"ஒண்டும் அசையிற மாதிரி இல்ல. ஓட்டோ கியர் வேற. தள்ளியும் ஸ்டார்ட் பண்ண ஏலா."

அந்நேரம் பெரிய ரோட்டில் ஐந்தரை பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. இரண்டு பேருக்குமே கேட்டது. நூர்தீன் ரோட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"சரி சேர். நீங்க கவலப்படாதீங்க. அந்திக்கு வந்து நான் சார்ஜ் போட்டுத் தாறன். இறங்கின பட்டரிய அப்பிடியே விட்டாப் பழுதாப் போயிடும்."

சொல்லிக்கொண்டே அவர் ஓடினார்.

பகல் பதினொரு மணிபோல மர்ளியா போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். நூர்தீனின் மகள் இல்மாவோடு கதைத்திருக்கிறாள். அடுத்த பஸ் பிந்தி வந்து, பாலாவியில் இறங்கி மற்ற பஸ்ஸுக்குக் காத்து நின்று, சிலாபம் போய்ச் சேர ஒன்பது தாண்டிவிட்டதாம். அதற்குள் பேர் கூப்பிட்டு முடிந்துவிட்டது. இனி ஐந்து கிழமை கழித்துத்தான் திகதி. இரண்டு பேரும் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள்.

"பாவம், ஒரு கண்ணு முழுக்கப் புகைமூட்டமா இரிக்கிதாம்" என்றாள் மர்ளியா.

மாஸ்டர் பேப்பரை விரித்தபடி இருந்தார். எழுத்து ஒன்றும் ஓடவில்லை. நஃபீஸாவை நினைத்து வெட்கப்பட வேண்டிய அந்த நேரத்திலும் அவரைப் பிடித்து ஆட்டியது வேறு பயம். நூர்தீன் அந்திக்கு வருவார். பொனெற்றைத் திறந்து ஒரு தடவை பார்த்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

அதன் பிறகு அவர் செய்த காரியத்தைத்தான், பின்னாளில் எல்லாவற்றையும்விட நினைக்கக் கூசினார். போர்ட்டிகோவுக்குப் போய், காருக்குள் ஏறி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியைப் பாதி திருப்பினார். முன்விளக்கைப் பெரிய வெளிச்சத்தில் போட்டார். ஏஸியின் காற்றாடியை முழுதாகத் திறந்தார். இறங்கி, வெளிச்சம் ரோட்டுக்குத் தெரியாதபடி உறையைத் திரும்பப் போர்த்தினார். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளின் விடைத்தாளில் களவு பிடித்த மனிதர், உறையின் நுனிகளை டயருக்கடியில் செருகிக்கொண்டிருந்தார்.

சோற்றுக்குக் கூப்பிட வந்த மர்ளியா, சாம்பல் உறைக்குள் இரண்டு இடத்தில் மஞ்சளாக எரிவதைக் கண்டாள். உள்ளே காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. அவள் காரைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள். ஏதும் கேட்பாள் என்று அவர் பதில் தேடினார்.

"சோறு போட்டிரிக்கி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று அவள் அவரோடு இருந்து சாப்பிடவில்லை.

அஸருக்குப் பிறகு நூர்தீன் வந்தார், சைக்கிள் கரியரில் சார்ஜரைக் கட்டிக்கொண்டு. காலையில் போட்டிருந்த அதே சேர்ட். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அதற்குச் சற்று முன்னர்தான் மாஸ்டர் விளக்கையும் காற்றாடியையும் நிறுத்தியிருந்தார்.

நூர்தீன் முதலில் கறுப்பு வயரைக் கழற்றினார், பிறகு சிவப்பை. உப்புக் காற்றில் முனைகளில் பூத்திருந்த வெள்ளைத் தூளைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்தார். மூடிகளைத் திறந்து, உள்ளே மிதவையுள்ள கண்ணாடிக் குழாயால் ஒவ்வோர் அறையிலிருந்தும் அமிலத்தை உறிஞ்சி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆறு அறையும் அடிமட்டம். ஆனா பட்டரி புதுசு சேர், தண்ணியும் சரியா இரிக்கி. தன்ட பாட்டுல இப்பிடி இறங்காது. எங்கயோ கரண்ட் கசியிது."

"அதெல்லாம் பொறகு பார்ப்பம்."

"இல்ல சேர், அதக் கண்டுபிடிக்காம சார்ஜ் போட்டு என்ன புண்ணியம்? நாளைக்கே திரும்ப இறங்கிடும்."

டோர்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, சீமெந்துத் தரையில் முழங்காலை ஊன்றி, ஃபியூஸ் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கத் தொடங்கினார். விடியலிலிருந்து அலைந்த மனிதர், இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருந்தார். இடையில் டோர்ச்சைக் கையில் எடுத்துவிட்டுச் சொன்னார்:

"நான் நேத்தே வந்து சொல்லி வெச்சிருக்கணும் சேர். நீங்களும் முந்தியே பார்த்திருப்பீங்க. என்ட பிழைதான்."

மாஸ்டரால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

"எழும்புங்க நூர்தீன். கசிவு ஒண்டும் இல்ல."

நூர்தீன் நிமிர்ந்தார்.

"காலைல பட்டரி நல்லாத்தான் இருந்திச்சி. காரக் குடுக்க மனமில்லாம பொய் சொன்னன். சீற் ஊத்தையாகிடுமெண்டு. நீங்க வருவீங்களெண்டு தெரிஞ்சி, பகல் முழுக்க லைற்றப் போட்டு நானே இறக்கினன்."

சொல்லி முடித்த பிறகு தன் குரல் வகுப்பில் நின்று ஒப்புக்கொள்ளும் பிள்ளையின் குரல்போல இருந்தது அவருக்கு. நூர்தீன் விரலிடுக்கில் இருந்த ஃபியூஸை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் ஏசினால் நல்லது என்றிருந்தது மாஸ்டருக்கு.

"மாட்டேண்டு சொல்லியிருக்கலாமே சேர்" என்றார் கடைசியில். "அஞ்சரை பஸ்ஸையாவது பிடிச்சிருப்பம்."

அவ்வளவுதான். கழற்றிய ஃபியூஸ்களை அதனதன் இடத்தில் பூட்டினார். சார்ஜரைக் கொளுவினார். மர்ளியா கொண்டுவந்த தேத்தண்ணியை மறுக்காமல் நின்றபடியே குடித்துவிட்டு, கோப்பையை அவள் கையில் கொடுத்தார்.

"மெதுவாத்தான் ஏறணும், அவசரப்படுத்தினா உள்ளுக்குத் தட்டு வளைஞ்சிடும். விடியக் கழட்டுங்க. பூட்டக்குள்ள சிவப்பு முதல்ல, கறுப்புப் பொறகு. கிழமைக்கு ஒருக்கா அர மணித்தியாலமாவது ஓடுங்க. சும்மா நிப்பாட்டி வெச்சாலும் பட்டரி சாகும்."

மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல், பட்டரியைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

அடுத்து வந்த கிழமைகளில் மாஸ்டர் நூர்தீனின் வீட்டைக் கடந்து பள்ளிக்குப் போகவில்லை. பின் ஒழுங்கையால் சுற்றிப் போனார். வெள்ளிக்கிழமைகளில் காரை எடுத்துத் தலவில பக்கம் போய் வருவார். ஸ்டார்ட் ஆகும்போது எஞ்சின் முன்னைவிடக் கொஞ்சம் இழுத்தது. நாலாவது கிழமை மர்ளியாதான் சொன்னாள்: "சுத்திச் சுத்திப் போய் என்ன? நேரா வாசல்ல போய்க் கேளுங்க."

போனார். நூர்தீன் வீட்டில் இல்லை. சிலாபத்துக்குத் தானே காரில் கூட்டிப்போகலாமா என்று அவர் கேட்டதை, இல்மா கதவடியில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். நெடுநேரம் கழித்து வந்தாள்.

"உம்மா வரச் சொன்னாங்க. திங்கக்கிழம விடிய அஞ்சு மணிக்கி."

அன்று மாஸ்டர் நாலரைக்கே போய் நின்றார். நூர்தீனும் நஃபீஸாவும் பின் சீற்றில் ஏறினார்கள். முன் சீற் வெறுமையாக இருந்தது. கார் பாலாவி உப்பளத்தைத் தாண்டியது. பிறகு நஃபீஸா, "ஏஸியக் கொஞ்சம் குறைங்க சேர், கண்ணு கரிக்கிது" என்றாள். அவர் உடனே நிறுத்திவிட்டார்.

பகலுக்கு மேல் அவள் ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்தாள். நூர்தீன் மருந்து எடுக்கப் போயிருந்தார். மாஸ்டர் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நாள் முழுக்க ஒத்திகை பார்த்ததையெல்லாம் மறந்துபோய், "தங்கச்சி, எனக்கு மாப்புத் தாங்க" என்றார்.

நஃபீஸா கதவைத் தடவிப் பிடித்து, மெல்லக் குனிந்து உள்ளே ஏறினாள். முந்தானையைச் சரிசெய்தாள்.

"நாளைக்கிக் கட்டு அவிழ்ப்பாங்க சேர்" என்றாள். "உங்கட முகத்தத் தெளிவாப் பார்த்துட்டுச் சொல்றன்."