சத்தம் கேட்டால் அமுக்கவும்

அவரை எல்லோரும் காதுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒர்க் ஷாப் போர்டில் இருந்தது, அதை யார் படித்தார்கள். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தும் பிடிபடாத கார்க் கோளாறை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டே சொல்லிவிடுவார். அதற்கு அவரிடம் ஒரு சட்டம் உண்டு. வண்டிக்குச் சொந்தக்காரர்தான் ஓட்ட வேண்டும். ரேடியோ கூடாது, ஏசி கூடாது, முக்கியமாக வாயைத் திறக்கக் கூடாது. ஆபீஸில் நாலு பேரை அதட்டி வேலை வாங்கும் ஆட்கள்கூட அவர் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு பெயரும் அவருக்கு உண்டு. இல்லாத வேலையை யார் தலையிலும் கட்டமாட்டார். தபாலம்மா அவரிடம் வந்து சேர்ந்ததே அதனால்தான். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தனியாள், ஒரு சின்ன நீலக் கார் வைத்திருந்தார். முன்பு போன பெரிய சர்வீஸ் சென்டரில், பிரேக் பேட் எல்லாவற்றையும் இப்போதே மாற்றாவிட்டால் ஆபத்து என்று பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். காதுக்காரர் சக்கரத்தைக் கழற்றி அந்த அம்மாளையே குனிந்து பார்க்கச் சொன்னார்.

"பாதிக்கு மேல தேயாம இருக்கு மேடம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம், போயிட்டு வாங்க."

அன்றிலிருந்து தபாலம்மாவுக்கு அவர் சொன்னதுதான் வேதவாக்கு.

அடுத்த தடவை வந்தபோது, "அண்ணே, அடியில எங்கயோ கரகரன்னு ஒரு சத்தம்" என்றார். இரண்டு பேரும் கிளம்பினார்கள். சட்டத்தைச் சொல்வதற்குள் தபாலம்மா ஆரம்பித்துவிட்டார். தன் முழங்கால் வலி, மாடி வீட்டுப் பூனை, போன் செய்தால் தன் கதையை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடும் தங்கை. காதுக்காரர் நிறுத்தச் சொல்ல வாயெடுத்தார். ஏனோ சொல்லவில்லை. அந்தப் பேச்சுக்கு நடுவிலேயே, தெரு முனை திரும்பும்போது சத்தமும் பிடிபட்டுவிட்டது. சைலன்சருக்கு மேல், சூடு ஏறாமல் இருக்க வைத்திருக்கும் தகட்டில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. ஆபத்தில்லாத விஷயம், ஸ்பேனரை எடுத்தால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

"என்னண்ணே, பிடிபட்டுச்சா?"

காதுக்காரர் ஒர்க் ஷாப்புக்கு மேலேயே குடியிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. வெளியூரிலிருக்கும் மகன் வாரம் தவறாமல் போன் செய்து, "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் "சரி, வெச்சிடறேன்" என்பான். நல்ல பிள்ளைதான், நேரமில்லாத பிள்ளை. மற்றபடி மேலே சத்தம் போடுவது பிரிட்ஜ் மட்டும். அது எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு காலி வீட்டில் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

"சரியா பிடிபடல மேடம்" என்றார். "அடுத்த வாரம் வாங்க. இன்னொரு ரவுண்டு போய்ப் பாப்போம்."

தொழிலில் அவர் சொன்ன முதல் பொய் அது. காசு வாங்கவில்லையே, வண்டிக்கு ஒன்றும் ஆகாதே என்று தனக்குத் தானே பூசி மெழுகிக்கொண்டார். அடுத்த வாரமும் பிடிபடவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அந்த அம்மாள் வருகிற நாளில் மட்டும் காதுக்காரர் முகச் சவரம் செய்து, கிரீஸ் படாத சட்டை போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

பிறகு ஒருநாள், வழக்கமில்லாத நாளில், நீலக் கார் தெரு முனையில் திரும்பியது. சத்தமில்லை. காதுக்காரருக்கு அங்கேயே பகீரென்றது.

தபாலம்மா இறங்கி, துக்கம் விசாரிக்க வந்தவர்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காத்தடிக்கப் போனேண்ணே. பஞ்சர் கடைக்காரர் சத்தத்தைக் கேட்டுட்டு, குனிஞ்சு ஒரு போல்ட்ட முறுக்கினார். அவ்வளவுதான், நின்னுபோச்சு."

காதுக்காரர் கையிலிருந்த துணியை மடித்தார். மறுபடி விரித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று குரலைத் தாழ்த்தினார் அந்த அம்மாள். "உங்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாயிட்டு வருதுன்னு நினைக்கறேன். வயசானா வர்றதுதான். நான் யார்கிட்டயும் மூச்சு விடல. எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்துல காது டெஸ்ட்டுக்குச் சொல்லி வெச்சிருக்கேன், வாங்க போகலாம். வேற யாரா இருந்தாலும் வேணும்னே செஞ்சாங்கன்னு நினைச்சிருப்பேன். நீங்க என்னை ஏமாத்தற ஆளில்ல. அப்ப இது காதாத்தான் இருக்கணும்."

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. மென்று முழுங்கிவிட்டு வண்டியில் ஏறினார். வழியெல்லாம் அவருக்காகவே தபாலம்மா உரக்கப் பேசிக்கொண்டு வந்தார்.

டெஸ்ட் எடுக்கும் பெண் அவரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். "சத்தம் கேட்டா அமுக்குங்க ஐயா. எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் சரி."

முதல் சத்தம் வந்தது. தண்ணீர் சொட்டுவதுபோலத் தெளிவாகக் கேட்டது. கட்டைவிரல் அசையவில்லை. இப்படியே இருந்துவிட்டால் போதும். அந்த அம்மாள் டாக்டரிடம் கூட்டிப் போவார், வந்து வந்து விசாரிப்பார், உரக்கப் பேசுவார். தொழில் படுத்துவிடும், படுக்கட்டுமே. ஏமாற்றாத ஆள் என்ற பெயர் மட்டும் அப்படியே இருக்கும். இரண்டாவது சத்தமும் வந்து போனது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தபாலம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் கவனம் கலைந்துவிடக் கூடாதென்று வாயை இறுக மூடி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கு மேல் அவர் மனசு கேட்கவில்லை. பட்டனை அமுக்கினார். அடுத்ததற்கும் அமுக்கினார். அதன் பிறகு ஒன்றையும் விடவில்லை.

"ஆரம்பத்துல ரெண்டு மட்டும் விட்டுட்டீங்க" என்றாள் அந்தப் பெண் வெளியே வந்து. "மத்தபடி இந்த வயசுல இப்படிக் கேக்கறவங்கள நான் பாத்ததே இல்ல."

"அப்பாடா" என்று தபாலம்மா சிரித்தார். கார் நிறுத்திய இடத்துக்கு நடந்து வரும்போது அந்தச் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. கதவைத் திறக்காமல் நின்றார்.

"அப்ப அந்த போல்ட்டு?"

"முதல் நாளே கேட்டுச்சு மேடம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க திரும்பி வரமாட்டீங்களே." அவருக்கு வெட்கமாக இருந்தது. "பேச்சுத் துணைக்கு எனக்கு வேற யாரும் இல்ல."

அந்த அம்மாள் கதவைத் திறந்து ஏறினார். வழி முழுவதும் பேசவில்லை. காதுக்காரரின் சட்டம் அன்றைக்குத்தான் அந்தக் காரில் ஒழுங்காக நடந்தது. ஏதாவது சொல்லுங்களேன், திட்டவாவது செய்யுங்களேன் என்று அவர் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

ஒர்க் ஷாப் வாசலில் இறக்கிவிட்டபோது தபாலம்மா இன்ஜினை அணைக்கவில்லை.

"பிரேக் பேட் பாதிக்கு மேல இருக்குன்னு சொன்னீங்களே. அது நிஜமா?"

"நிஜம் மேடம். நீங்களே குனிஞ்சு பாத்தீங்களே."

"பாத்தேன். அதப் பாத்தா எனக்கு என்ன தெரியும்? நீங்க சொன்னீங்கன்னு நம்பினேன்."

கார் கிளம்பியது. காதுக்காரர் வாசலிலேயே நின்று கேட்டார். தெரு முனை தாண்டி, மற்றவர்களுக்கு எட்டாத தூரம் போன பிறகும் அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தட்டல் இல்லை, உரசல் இல்லை. ஒர்க் ஷாப் பக்கம் அந்த வண்டி திரும்பி வர ஒரு காரணமும் இல்லை.