ஐந்தாவது யூனிட்டில் ஒரு பிஸ்கட் கடை

தொழில்முனைவுப் பாடத்திட்டத்தை முடிவு செய்யும் கூட்டத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது ஐந்தாவது யூனிட்தான். அது சுகிர்தாவின் பழைய பிஸ்கட் கடையாக இருந்தது. பல்கலைக்கழகக் கூட்ட அறையின் மூலையில், பாதியில் சிக்கிக்கொள்ளும் அதே நீல ஷட்டரோடு நின்றது.

யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. டீயும் மிக்சரும் வந்தன.

பாடத்திட்டத்தை மாய்ந்து மாய்ந்து எழுதியவள் சுகிர்தா. கடைசியான ஐந்தாவது யூனிட்டுக்கு 'சொந்தத் தொழில் தொடங்குதல்' என்றுதான் பெயர் வைத்திருந்தாள். வாத்தியார் வேலைக்கு வருமுன் கேழ்வரகு பிஸ்கட் விற்கப் போய்க் கடையை இழுத்து மூடிய கதையை அவள் புருஷனிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. அங்கயற்கண்ணியிடம் மட்டும் சொன்னாள். ஒரே துறை, ஒரே மேஜை, ஒரே டப்பாவில் தயிர்சாதம். அவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

"தோல்விக்குன்னு ஒரு யூனிட் இல்லாம இருந்துச்சு," என்றார் பாடத்திட்டக் குழுத் தலைவர். "அங்கயற்கண்ணி மேடம்தான் கொண்டுவந்து கொடுத்தாங்க."

சுகிர்தா தோழியைப் பார்த்தாள். தோழி மிக்சரில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கடையை ஏன் மூடினார்கள் என்று வெளியூர் நிபுணர் கேட்டார். சுகிர்தா வாய் திறப்பதற்குள் அங்கயற்கண்ணி எழுந்தாள். சுகிர்தாவின் குரலிலேயே சொன்னாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் மறுபடி எட்டிப் பார்க்கவில்லை. மீந்த பிஸ்கட்டைத் தெருநாய்க்குப் போட்டால் அதுவும் மோந்துவிட்டுப் போய்விட்டது. நாய் போனதைச் சொல்லும்போது சுகிர்தா அன்று தோழியிடம் அழுதிருந்தாள். அங்கயற்கண்ணியும் அந்த இடத்தில் அழுதாள்.

அழுகைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம் என்றார் நிபுணர். குழு ஒப்புக்கொண்டது.

சுகிர்தா மிக்சர் தட்டைத் தள்ளி வைத்தாள். கூடச் சாப்பிட்ட வாய் இப்படியா பேசும்? அவளைக் கடைக்குள் போய் உட்காரச் சொன்னார்கள். யூனிட் காலியாகக் கிடக்கக் கூடாதாம். பாடத்தை யார் நடத்துவார்கள் என்று கேட்டாள். அங்கயற்கண்ணி என்றார்கள். போய் உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்தபின் அங்கயற்கண்ணி டப்பாவோடு வந்தாள். ஷட்டருக்கு அடியில் குனிந்து பாதித் தயிர்சாதத்தை உள்ளே தள்ளினாள்.

"கோவிச்சுக்காதடி. அஞ்சாவது யூனிட்ட எந்த காலேஜ்ல நடத்தி முடிச்சிருக்காங்க? அதுக்குள்ள பரீட்சை வந்துரும். இங்க ஒருத்தரும் வரமாட்டாங்க."

"அதச் சொல்லித்தானடி உங்கிட்ட அழுதேன்," என்றாள் சுகிர்தா.

அங்கயற்கண்ணி ஷட்டரைப் பிடித்துக் கீழே இழுத்தாள். இந்த முறை அது பாதியில் சிக்கவில்லை.